பிள்ளையை நினைத்துப் பெருமையா? அதைப் பிள்ளையிடமே சொல்வது எப்படி

தோட்டப்பாளையத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வேலூருக்கு ஒருமுறை வைத்தியத்துக்கு வந்து போனவர்களுக்கும் தெரியும், சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி நாலு தெருவுக்கு எங்கள் ஊர் பாதி வங்காளம். லாட்ஜ் போர்டு, மெஸ் போர்டு, மருந்துக்கடை போர்டு எல்லாம் வங்காள எழுத்தில் இருக்கும், ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ஆதாரையும் நகலெடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் "கொதோ டாக்கா?" என்றுதான் விலை கேட்பார்கள்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து வீட்டில் சும்மா கிடந்த மகனை ஒரு ஏப்ரல் மாதத்து மத்தியானம் கடையில் உட்கார வைத்துவிட்டு டோனர் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது, ஆளைக் காணோம். நாற்பது நிமிஷம் கழித்து சட்டையெல்லாம் வியர்வையில் ஒட்டிக்கொண்டு வருகிறான்.

"இன்னாடா, கடையை அப்படியே போட்டுட்டு எங்க சுத்திகினு இருந்த?"

"ஒரு தாத்தாவும் பாட்டியும்பா. சி.எம்.சி.யோட ராணிப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போவணுமாம், தெரியாம இங்க வந்து நின்னுகினு இருந்தாங்க. ரத்தினகிரி வழியாப் போற பஸ்ஸில ஏத்தி விட்டுட்டு வரேன்."

சொல்லிவிட்டுப் போவதற்கு என்ன என்று இன்னும் நாலு வார்த்தை திட்டினேன். அன்றைக்கு ராத்திரி குடியாத்தத்தில் இருக்கும் என் அக்காவுக்கு போன் போட்டு, "நம்ம பையன் வளந்துட்டான்க்கா, பாஷை தெரியாத ஜனத்தை எப்படிக் கையைப் பிடிச்சுக் கூட்டினு போயிருக்கான் பாரு" என்று இருபது நிமிஷம் பெருமை பேசினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் படுத்திருந்தான். மறுநாள் காலையில் என் மனைவி சொன்னாள், பையன் அவளிடம் கேட்டானாம்: "அப்பா அத்தைகிட்ட என்னைப் பத்தி இவ்ளோ நல்லாப் பேசறாரு, எங்கிட்ட மட்டும் ஏன் கத்தறாரு?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. நம் வீடுகளில் பெருமை எப்போதும் பக்கவாட்டில்தான் போகிறது. அத்தைக்குப் போகும், மாமாவுக்குப் போகும், பக்கத்துக் கடைக்காரருக்குப் போகும், யாரைப் பற்றியோ அந்த ஆளுக்கு மட்டும் போய்ச் சேராது. அதை நேராகத் திருப்பி விடுவது எப்படி என்று அதற்கப்புறம் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். பன்னிரண்டிலிருந்து பதினெட்டுக்குள் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு உதவும்.

முதலில் கண்ணைப் பழக்குங்கள்

சின்னப் பிள்ளை ஒரு நல்லது செய்தால் ஓடி வந்து நம்மிடம் காட்டும். பன்னிரண்டு, பதின்மூன்று தாண்டியதும் அது நின்றுவிடும். செய்யும், சொல்லாது. அதோடு, பார்க்க அது நல்ல காரியம் மாதிரியே இருக்காது. லேட்டாக வருவது, கொடுத்த காசு குறைவது, எதிர்த்துப் பேசுவது என்று ஏதாவது ஒரு தப்பின் வேஷத்தில்தான் வீட்டுக்குள் நுழையும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பையன் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டான். எல்லோரிடமும் சண்டை போட்டுக்கொண்டான், இவனுக்குக் கூட்டாளியே கிடையாது என்று பெற்றோர் ஒரு வாரம் கவலைப்பட்டார்கள். விஷயம் என்னவென்றால் ஒரு பெண் பிள்ளை மேடையில் தடுமாறி விழுந்த வீடியோவை அந்த குரூப்பில் சுற்றவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், இவன் "அழிங்கடா" என்று சொல்லிப் பார்த்து யாரும் கேட்காததால் வெளியே வந்திருக்கிறான். அந்த வயசில் கூட்டத்தை விட்டுத் தனியாக நிற்பது எவ்வளவு பெரிய காரியம் தெரியுமா? நமக்கே நாற்பத்தைந்து வயசில் சொந்தக்காரர்கள் குரூப்பை விட்டு வெளியே வரத் தைரியம் இல்லை.

என் வீட்டில் இன்னொன்று. என் அம்மாவுக்கு ஞாபகம் மங்கிக்கொண்டு வருகிறது, ஆரணியிலிருந்து கல்யாணமாகி மாட்டு வண்டியில் வந்து இறங்கிய கதையை ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது சொல்வார். நாங்கள் பெரியவர்கள் "சொல்லிட்டம்மா" என்று வெட்டிவிடுவோம். பையன் ஒரு கையில் போனைத் தட்டிக்கொண்டே, கண்ணைக்கூட எடுக்காமல், "அப்புறம் இன்னா ஆச்சு ஆயா?" என்பான். போனை வைத்துவிட்டுக் கேளுடா என்று நான் அதட்டிக்கொண்டிருந்தேன். எத்தனையோ நாள் கழித்துத்தான் உறைத்தது, அந்த வீட்டில் அந்தக் கதையின் அடுத்த வரியைக் கேட்கிறவன் அவன் ஒருத்தன்தான்.

ஆகவே பழக்க வேண்டிய முதல் விஷயம் கேள்வியை மாற்றுவது. "எங்கடா போன?" என்று கேட்டால் அது குற்றச்சாட்டு, பதிலும் எடக்காகத்தான் வரும். "இன்னா ஆச்சு?" என்று கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள், கஷ்டம்தான், ஆனால் நில்லுங்கள். நிஜமாகவே ஊர் சுற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்று தெரிந்தால் அதற்கப்புறம் திட்டிக்கொள்ளலாம், திட்டு எங்கேயும் ஓடிப்போய்விடாது.

மன்னிப்பு கேட்பதையும் பார்க்கப் பழகுங்கள். வாயால் வராது. திங்கட்கிழமை அம்மாவிடம் கத்திவிட்டு வியாழக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் கேனைத் தூக்கி மாற்றி வைத்தால், அதுதான் மன்னிப்பு. "இப்பவாவது செய்யத் தோணுச்சே" என்று சொல்லி அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

அப்புறம், வெளியாட்களிடமும் கேட்டு வையுங்கள். தெருமுனை மளிகைக் கடைக்காரர், டியூஷன் டீச்சர், கூடப் படிக்கும் பையனின் அம்மா. பெரும்பாலான பிள்ளைகள் மரியாதை, பொறுமை எல்லாவற்றையும் வெளியிலேயே செலவழித்துவிட்டு வீட்டுக்கு வரும்போது ஈரத் துண்டைக் கட்டிலில் வீசுகிற மிச்சத்தை மட்டும்தான் கொண்டுவருகின்றன. நாம் பார்ப்பது அந்த மிச்சத்தை.

காலையில் அவ்வளவு பக்குவமாக இருந்தவன் சாயங்காலம் இட்லிக்குச் சட்னி சரியில்லை என்று தட்டைத் தள்ளுகிறானே, எது நிஜம் என்றால், இரண்டும் நிஜம். யோசித்து நிதானிக்கிற வேலையைச் செய்யும் மூளையின் முன்பகுதி முழுசாக முதிர இருபத்தைந்து வயசு ஆகிவிடுகிறது என்று மூளை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், உணர்ச்சியைக் கிளப்பும் பகுதிகள் அதற்கு வெகு முன்னாலேயே முழு வேகத்தில் ஓட ஆரம்பித்துவிடுகின்றன. பக்குவம் வந்து வந்து போகும். வந்த நாளைக் குறித்து வையுங்கள், போன நாளைப் பெரிதுபடுத்தாதீர்கள்.

திருஷ்டி விவகாரம்

ஏன் நேராகச் சொல்வதில்லை என்று கேட்டால் எல்லோரும் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று தலைக்கனம் ஏறிவிடும், இன்னொன்று கண்ணு பட்டுவிடும், அதுவும் பெற்றவர்கள் கண்ணுதான் ரொம்பப் பொல்லாதது.

தலைக்கனம் என்பதை நான் நம்பவில்லை. அழகு, மார்க், நிறம் இவற்றைச் சொல்லிச் சொல்லி ஏற்றினால் ஏறும். "நீ அந்தப் பாட்டிக்காகப் பையைத் தூக்கினதைப் பார்த்தேன்" என்று சொன்னதால் தலை வீங்கிய பிள்ளையை நான் இதுவரை பார்க்கவில்லை.

திருஷ்டியைப் பற்றி உங்களோடு வாதாட வரவில்லை. எங்கள் வீட்டில் அம்மா இன்னமும் கல் உப்பும் காய்ந்த மிளகாயும் கையில் மூடிப் பிள்ளைகளை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போடுகிறார், மிளகாய் நெடி வரவில்லை என்றால் அத்தனையும் திருஷ்டி என்கிறார். செய்யட்டுமே! பயமாக இருந்தால் முதலில் சொல்லிவிடுங்கள், அப்புறம் சுற்றிப் போட்டுவிடுங்கள். உப்புக்கும் மிளகாய்க்கும் ஆகிற செலவு ஒரு ரூபாய், சொல்லாமல் விட்டதற்கு ஆகிற செலவு அதைவிட அதிகம்.

எப்படிச் சொல்வது

எதிரில் உட்கார வைத்து, தொண்டையைச் செருமி, "தம்பி, உங்கிட்ட ஒண்ணு பேசணும்" என்று ஆரம்பித்தால் போச்சு. ஏதோ பஞ்சாயத்து என்று நினைத்து ஓட வழி தேடுவான். பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள், எதிரில் இருக்கும்போது வேண்டாம். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது, காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வரும்போது. முகத்தைப் பார்க்க வேண்டாம் என்கிற தைரியத்தில் அவனும் கேட்பான், நமக்கும் நாக்கு புரளும், ஏனென்றால் கூச்சம் அவனைவிட நமக்குத்தான் ஜாஸ்தி.

இரண்டு வாக்கியம் போதும். முதல் வாக்கியத்தில் நீங்கள் பார்த்தது, இரண்டாவதில் அதனால் இன்னொருவருக்கு என்ன ஆனது. "ஆயா கதை சொல்றப்ப நீ அப்புறம் அப்புறம்னு கேக்கற பாரு, அவங்க மூஞ்சியே மாறிடுது." அவ்வளவுதான். "நீ தங்கமான பிள்ளை, உன்னை மாதிரி உண்டா" என்று முத்திரை குத்தாதீர்கள், பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும், தான் தங்கம் இல்லை என்று. நேற்றுத் தங்கச்சியின் சார்ஜரை ஒளித்து வைத்தவன் அவன்தானே. நடந்ததைச் சொன்னால் மறுக்க முடியாது.

மூன்றாவது வாக்கியம்தான் ஆபத்து, ஏனென்றால் அது பெரும்பாலும் "ஆனா" என்று ஆரம்பிக்கும். "ஆனா இந்தப் பொறுப்பைப் படிப்புலயும் காட்டினா எவ்ளோ நல்லா இருக்கும்." "ஆனா ரூமை மட்டும் குப்பை மாதிரி வெச்சிருக்கியே." எத்தனை படி பாலாக இருந்தாலும் ஒரு சொட்டு எலுமிச்சம்பழம் போதும். எனக்கும் இந்த வியாதி உண்டு, மார்க் என்கிற சொல் நாக்கு நுனியில் எப்போதும் தயாராக இருக்கும். அதற்கு ஒரு கை வைத்தியம் கண்டுபிடித்தேன், இரண்டாவது வாக்கியம் முடிந்ததும் இடத்தை விட்டு எழுந்து போய்விடுவது. வண்டியில் இருந்தால் ஹாரன் அடிப்பது.

பதிலுக்கு என்ன வரும்? "ம்." அல்லது "சரி சரி." சில பேர் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று எரிச்சலாகக்கூடச் சொல்வார்கள். அதோடு விடுங்கள். சொன்னது உள்ளே போயிருக்கும், ரசீது கேட்காதீர்கள்.

நீங்களே ஏற்கனவே திட்டியிருந்தால், என் கதை மாதிரி, வரிசையை மாற்ற வேண்டும். முதலில் "அன்னைக்கு நான் கேக்காம கத்தினது தப்பு", அப்புறம்தான் பாராட்டு. மன்னிப்பை விழுங்கிவிட்டுப் பாராட்டை மட்டும் நீட்டினால் அது லஞ்சம் மாதிரி நாறும்.

ஒருமுறை சொன்ன பாராட்டைத் திரும்ப எடுத்துத் தடியாக்குவது இன்னொரு பெரிய தப்பு. ஏதோ ஒரு நாள் தங்கச்சியை அடித்துவிட்டான் என்று வையுங்கள், "ஊர்ல இருக்கற பாட்டிக்கெல்லாம் பஸ் ஏத்தி விடுவ, வீட்ல இதுவா?" என்று கேட்டீர்களானால் அடுத்தமுறை பாட்டியைப் பார்த்தாலும் சொல்ல மாட்டான், ஏன், செய்யாமலும் போகலாம். அடித்ததற்கு அடித்ததைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

பெண் பிள்ளை இருக்கும் வீட்டுக்குத் தனியாக ஒரு வார்த்தை

பையன் ஒரு நாள் சாப்பிட்ட தட்டைக் கழுவினால் தெருவுக்கே செய்தி போகிறது. பெண் வருஷம் பூரா பாத்திரம் துலக்கினாலும் அது கணக்கில் வருவதில்லை, அவள் "அப்படித்தான் இருக்கணும்". என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள், அவள் வாயாலேயே கேட்டு வாங்கிக்கொண்டேன் இதை: "அண்ணன் பண்ணா ஹெல்ப்பு, நான் பண்ணா வேலையா?" ஆகவே முதல் காரியம், ஒரே அளவுகோல் வையுங்கள்.

இதைவிட நுணுக்கமான விஷயம் ஒன்று இருக்கிறது. பெண் பிள்ளைகளிடம் நாம் நல்ல குணம் என்று மெச்சுவதில் பாதி, வேண்டாம் என்று சொல்லத் தெரியாதது. என் மகள் வகுப்பில் நாலு பேருக்கு ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள், ராத்திரி பதினொன்றரை வரைக்கும், தன் வேலையை விட்டுவிட்டு. பார் எவ்வளவு நல்ல மனசு என்று நானும் பூரித்துப்போனேன். என் மனைவிதான் கேட்டாள், "வரைஞ்சு தரலேன்னா இன்னாடி ஆவும்?" மகள் அழுதுவிட்டாள். தரவில்லை என்றால் சாப்பிடும்போது கூடச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். பயத்துக்கு நாம் இரக்கம் என்று பெயர் வைத்திருந்தோம்.

வித்தியாசம் கண்டுபிடிக்க எளிதான வழி, செய்து முடித்த பிறகு பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். மனசார உதவிய பிள்ளை களைத்திருந்தாலும் லேசாக இருக்கும், பயந்து உதவிய பிள்ளை அடுத்தது யார் கேட்பார்களோ என்று ஒடுங்கிக் கிடக்கும். ஒரு மாசம் கழித்து அவள் ஒருத்தியிடம் "எப்படி வரையணும்னு சொல்லித் தரேன், வரைஞ்சு தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்குத்தான் நான் முறையாகப் பாராட்டினேன், கூடவே ஆற்காடு மக்கன் பேடாவும் வாங்கி வந்தேன். அது பரிசு இல்லை, எனக்கும் சாப்பிட வேண்டும் போல இருந்தது.

காசு, வண்டிச் சாவி, ஸ்டேட்டஸ்

நல்லது செய்ததற்குக் காசு கொடுக்காதீர்கள். பெலிக்ஸ் வார்னகன், மைக்கேல் டோமசெல்லோ என்கிற இரண்டு ஆய்வாளர்கள் 2008-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். இருபது மாதக் குழந்தைகள் தாமாக ஓடி வந்து பெரியவர்களுக்குக் கீழே விழுந்த பொருளை எடுத்துக் கொடுக்கின்றன. அப்படிக் கொடுத்ததற்குப் பரிசு வாங்கிப் பழகிய குழந்தைகள், பரிசு நின்றதும் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவினவாம். அது நடக்கப் பழகும் குழந்தைகளை வைத்துச் செய்தது, மீசை முளைக்கும் பையனுக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் என் மகன் ஒருமுறை ஆயாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வந்ததற்கு நான் ஐநூறு ரூபாயை நீட்டியபோது அவன் பார்த்த பார்வை இருக்கிறதே, கூலியாளைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாயே அப்பா என்கிற பார்வை, அது எனக்குப் போதும்.

எங்கள் பக்கத்தில் "பையன் பெரியாளாயிட்டான்" என்பதற்கு அடையாளமாகப் பைக் சாவியைக் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பதினெட்டு ஆகாமல் கியர் வண்டி ஓட்டச் சட்டத்தில் இடமில்லை, பதினாறு வயசில் கிடைக்கும் லைசென்ஸ் 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும்தான். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, வண்டிப் பதிவும் ஒரு வருஷத்துக்கு ரத்து, அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயசு வரை லைசென்ஸ் கிடையாது. பக்குவத்துக்குப் பரிசு நம்பிக்கைதான். ராத்திரி கல்லாவை எண்ணிக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். ஆயாவின் மாத்திரைச் சீட்டைக் கொடுத்து டாக்டரிடம் அவனையே பேசச் சொல்லுங்கள். வீடு மாறுவதா வேண்டாமா என்று பேசும்போது அவன் கருத்தையும் கேளுங்கள், கேட்டுவிட்டுக் காதில் போட்டுக்கொள்ளாமல் விடுவதாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஸ்டேட்டஸ் போடுவது. பிள்ளையைக் கேட்காமல் போடாதீர்கள், உதவி வாங்கியவரின் முகம் தெரிகிற மாதிரி எப்போதுமே போடாதீர்கள். எங்கள் தெருக்களில் தினமும் பார்க்கிறேன், வீட்டையும் நிலத்தையும் அடகு வைத்து ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்திருக்கிற மனுஷர்கள், அவர்கள் வழி தெரியாமல் நிற்கிற நேரம் நம் பையனின் புகழுக்குப் பின்னணிப் படம் இல்லை.

கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லலாமா என்றால், அவன் காதில் விழுகிற தூரத்தில் யதார்த்தமாகச் சொல்லலாம், எதேச்சையாகக் கேட்ட பாராட்டுக்கு ருசி அதிகம். ஆனால் ஒப்பிடாமல் சொல்ல வேண்டும். "எம் பையன் மாதிரி உங்க பையன் கிடையாது" என்கிற தொனி வந்துவிட்டால், அப்புறம் ஆம்பூர் பிரியாணியே பரிமாறினாலும் அந்தப் பந்தியில் யாருக்கும் இறங்காது, அந்த இரண்டு பையன்களும் அதற்கப்புறம் ஒருத்தரை ஒருத்தர் பார்க்க மாட்டார்கள்.

நல்ல மனசுக்கு ஒரு பிரேக்

பெருமையோடு கூடவே சொல்லித் தர வேண்டியவையும் இருக்கின்றன, ஏனென்றால் இந்த வயசில் மனசு முந்திக்கொண்டு ஓடும், யோசனை பின்னால் வரும்.

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது நினைவிருக்கும். வருஷக்கணக்காக மணலையும் முள்ளுச் செடியையும் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தண்ணீரின் இழுப்பு தெரியாது. வெள்ளத்தில் யாராவது மாட்டிக்கொண்டால் இறங்காதே, கயிறோ கம்போ நீட்டு, பெரியவர்களைக் கூப்பிடு என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நெடுஞ்சாலையில் விபத்தைப் பார்த்தால் 108-ஐக் கூப்பிடலாம், பயப்பட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தில் உதவுகிறவர்களை அதே 2019 திருத்தம் பாதுகாக்கிறது, பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. "போலீஸ் கேஸ், நமக்கேன் வம்பு" என்று நாம் சொல்லிச் சொல்லித்தான் பிள்ளைகளின் கை பின்னால் போகிறது.

வேலூருக்கே உரிய இன்னொன்று, ரத்தம். வெளியூரிலிருந்து வந்த நோயாளிகளின் சொந்தக்காரர்கள் ரத்தம் கொடுக்க ஆள் தேடுவார்கள், என் கடை வாசலிலும் கேட்டிருக்கிறார்கள். என் மகன் ஒருமுறை சட்டைக் கையை மடக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். பதினெட்டு வயசும் குறைந்தது 45 கிலோ எடையும் இல்லாமல் எடுக்க மாட்டார்கள் என்று சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் அவனே தெருவில் பதினெட்டு தாண்டிய இரண்டு அண்ணன்களைப் பிடித்து அனுப்பினான். தன்னால் முடியாததை முடிகிறவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் பக்குவம்தான், அதையும் கண்டுகொள்ளுங்கள்.

கடைசியாக ரகசியம். நண்பனின் ரகசியத்தைக் காப்பது நல்ல குணம், தோண்டாதீர்கள். ஆனால் அந்த நண்பன் செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று சொன்னாலோ, யாரோ பெரியவர் தொந்தரவு செய்கிறார் என்று சொன்னாலோ அதைப் பூட்டி வைக்கக் கூடாது, நம்பகமான பெரியவரிடம் உடனே சொல்ல வேண்டும். 1098 பிள்ளைகளுக்கான உதவி எண், 14416 மனநல உதவி எண், இரண்டையும் பிள்ளையின் போனில் இன்றைக்கே பதிந்து வைக்கச் சொல்லுங்கள். சொல்லிவிட்டான் என்றால் "ஏன் இவ்ளோ நாள் சொல்லல" என்று ஆரம்பிக்காதீர்கள்.

என் கதை எப்படி முடிந்தது என்றால்

அக்காவிடம் பேசியது அவன் காதில் விழுந்து நாலு நாள் கழித்து, கடையை மூடிவிட்டு இரண்டு பேரும் ஸ்கூட்டரில் விருதம்பட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். கிரீன் சர்க்கிள் நெரிசல் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறியதும் கொஞ்சம் காற்று வந்தது. பாலம் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு கணக்கு.

"அன்னைக்கு உன்னைக் கேக்காம கத்தினது தப்புடா."

பின்னாலிருந்து சத்தம் இல்லை.

"அந்தத் தாத்தா பாட்டி, நீ இல்லேன்னா வெய்யில்ல எங்கெங்க அலைஞ்சிருப்பாங்களோ."

"ம்."

மூன்றாவது வாக்கியம் வாய் வரைக்கும் வந்துவிட்டது. கடையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கலாம் இல்லையா என்று. ஹாரன் அடித்தேன், முன்னால் யாருமே இல்லை.

பாலம் இறங்கும்போது அவனே பேசினான்.

"அப்பா, ஒண்ணு சொல்லவா, திட்டக் கூடாது."

"சொல்லு."

"அவங்களுக்கு பத்தொன்பது பக்கம் ஜெராக்ஸ் எடுத்தேன். காசு வாங்கல. அன்னைக்கு கல்லாவுல 38 ரூபா குறைஞ்சிருக்கும், நீ கண்டுபிடிக்கல."

கண்டுபிடித்திருந்தேன். டீத்தண்ணி குடித்த கணக்கு என்று நினைத்து விட்டிருந்தேன்.

"டீ குடிக்கலாமா?" என்றேன். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி அவனே இறங்கிப் போய் இரண்டு டீ சொன்னான், காசும் அவனே கொடுத்தான், அது யார் கல்லாவிலிருந்து வந்த காசு என்று நான் கேட்கவில்லை.